ஆங்கில ஊடகங்களில் மார்மன் சமயத்தவர்: வார்ப்புப் படிமமும் நியாயமான விமர்சனமும்

ஆய்வுச் சுருக்கம்

1830-இல் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் தோன்றிய பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையினர் ‘மார்மன்’ என்னும் பெயரால் உலகெங்கும் அறியப்படுகின்றனர். இச்சமயத்தவர் பற்றி அமெரிக்க, பிரித்தானிய ஊடகங்கள் படைத்த படிமங்கள் காலந்தோறும் மாறி வந்துள்ளன. கொடியவர், நகைப்பிற்குரியவர், முன்மாதிரிக் குடும்பத்தினர், விந்தை மனிதர் என அவை பலவகைப்படும். எனினும் தனிமனிதரைக் குழுவாகவும், பிரிவை முழுச் சமயமாகவும், கடந்த காலத்தை நிகழ்காலமாகவும் காட்டும் போக்கு இவை அனைத்திலும் தொடர்கிறது என்பதை இக்கட்டுரை எடுத்துக்காட்டுகிறது. சமய நிறுவனம் ஒன்றைக் கண்டிக்கும் செய்திக்கும் அச்சமயத்தவரை வார்ப்புக்குள் அடைக்கும் சித்திரிப்புக்கும் இடையிலான எல்லையை அறிவதற்கு மூன்று வினாக்களையும் முன்வைக்கிறது.

திறவுச் சொற்கள்: மார்மன், ஊடகச் சித்திரிப்பு, வார்ப்புப் படிமம், பலதார மணம், சிறுபான்மைச் சமயம், கீழைத்தேயவியல்.

முன்னுரை

சிறுபான்மைச் சமயம் ஒன்றைப் பெரும்பான்மையோர் நேரில் அறிவது அரிது. செய்தித்தாள், கேலிச்சித்திரம், புதினம், திரைப்படம், தொலைக்காட்சி ஆகியவற்றின் வழியாகவே அவர்கள் அதனை அறிகின்றனர். அவ்வாறு அறியப்படும் படிமம் பின்னர் சட்டமன்றத்திலும் நீதிமன்றத்திலும் தேர்தல் களத்திலும் செயற்படத் தொடங்குகிறது. மார்மன் சமயத்தின் வரலாறு இதற்குத் தெளிவான சான்று. அச்சு இயந்திரம் பரவலான காலத்தில் தோன்றி, வானொலி, திரைப்படம், தொலைக்காட்சி, இணையம் ஆகிய ஒவ்வொன்றின் வளர்ச்சியையும் உடனிருந்து கண்ட சமயம் அது. ஆகவே ஏறத்தாழ 200 ஆண்டுகால ஊடகச் சித்திரிப்பை ஒரே சமூகத்தை வைத்துத் தொடர்ந்து ஆராய இயலுகிறது.

இத்துறையில் குறிப்பிடத்தக்க ஆய்வுகள் வெளிவந்துள்ளன. கேரி பங்கர், டேவிஸ் பிட்டன் ஆகியோர் 1834 முதல் 1914 வரையிலான கேலிச்சித்திரங்களைத் தொகுத்து ஆராய்ந்தனர். டெரில் கிவன்ஸ் 19-ஆம் நூற்றாண்டுப் புனைவுகளில் மார்மன் எதிர்ப்பு எவ்வாறு கட்டமைக்கப்பட்டது என்பதை 1997-இல் வெளிவந்த தம் நூலில் விளக்கினார். ஜான் ஷிப்ஸ் 1860 முதல் 1960 வரை இதழ்களில் வெளிப்பட்ட மனப்பான்மை எதிர்மறையிலிருந்து நேர்மறைக்கு நகர்ந்ததைக் காட்டினார். ஜே. பி. ஹாஸ் அண்மை அரை நூற்றாண்டை 2013-இல் ஆராய்ந்தார். பால் ரீவ் இன அடையாளக் கோணத்தில் 2015-இல் மறுவாசிப்புச் செய்தார். இவ்வாய்வுகள் தரும் வெளிச்சத்தில், படிம மாற்றங்களுக்கு ஊடாகத் தொடரும் உத்திகளை இனங்காண்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. பெயரும் பிரிவுகளும்

‘மார்மன்’ என்பது அச்சபையினர் தமக்குத் தாமே முதலில் சூட்டிக்கொண்ட பெயரன்று. சபையின் நிறுவனரான ஜோசப் ஸ்மித் 1830-இல் வெளியிட்ட ‘மார்மன் புத்தகம்’ என்னும் மறைநூலைக் கொண்டு எதிர்ப்பாளர்கள் வைத்த பட்டப்பெயர் அது. காலப்போக்கில் சபையினரே அதனை ஏற்றுக்கொண்டனர். 2010-இல் ‘நான் ஒரு மார்மன்’ என்னும் பொருள்பட்ட விளம்பர இயக்கத்தைச் சபையே தொடங்கியது. ஆனால் 2018 ஆகஸ்டில் சபைத் தலைவர் ரசல் நெல்சன் இப்பெயரைக் கைவிட்டு முழுப்பெயரையே பயன்படுத்த வேண்டும் என அறிவித்தார். ‘மார்மன் டேபர்னகிள்’ என்று புகழ்பெற்றிருந்த பாடகர் குழுவின் பெயரும் அவ்வாண்டிலேயே மாற்றப்பட்டது. ஊடகம் சூட்டிய பெயரை ஏற்பதா, மறுப்பதா என்னும் தடுமாற்றம் சபையின் வரலாறு முழுவதும் காணப்படுகிறது. ஊடகப் படிமத்தின் பெயராகவும் வழங்குவதால் ‘மார்மன்’ என்னும் சொல்லே இக்கட்டுரையில் ஆளப்படுகிறது.

இப்பெயர் மற்றொரு குழப்பத்திற்கும் இடமளிக்கிறது. சபையில் பலதார மணம் 1852-இல் வெளிப்படையாக அறிவிக்கப்பட்டது. 1890-இல் அப்போதைய தலைவர் வில்பர்ட் வுட்ரப் வெளியிட்ட அறிக்கை அவ்வழக்கத்தை முடிவுக்குக் கொண்டுவரத் தொடங்கியது. 1904-இல் வெளியான இரண்டாம் அறிக்கை அதனை மேலும் உறுதிப்படுத்தியது. இன்று பலதார மணம் புரிவோர் சபையிலிருந்து விலக்கப்படுகின்றனர். ஆயினும் இம்மாற்றத்தை ஏற்காது பிரிந்து சென்ற அடிப்படைவாதக் குழுக்கள் பழைய வழக்கத்தைத் தொடர்கின்றன. இவர்களின் எண்ணிக்கை சில பல்லாயிரங்களுக்குள் அடங்கும். முதன்மைச் சபையின் உறுப்பினர் எண்ணிக்கையோ 1 கோடியே 70 இலட்சத்தைக் கடந்துள்ளது. அவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர் அமெரிக்காவிற்கு வெளியே வாழ்கின்றனர். ஆனால் ஊடகத்தில் மிகுதியாகத் தென்படுவது எண்ணிக்கையில் சிறிய அப்பிரிவுகளே.

2. அச்சகமும் வன்முறையும்

தொடக்ககாலச் சித்திரிப்பை வெறும் கருத்து மோதலாகக் கருதுதல் பொருந்தாது. மிசௌரி மாநிலத்தில் குடியேறிய மார்மன்களுக்கும் ஏனையோருக்கும் இடையே மூண்ட பகையின் உச்சத்தில், ஆளுநர் லில்பர்ன் பாக்ஸ் 1838 அக்டோபர் 27 அன்று ஓர் ஆணை பிறப்பித்தார். மார்மன்களைப் பகைவராக நடத்தி, அழிக்கவோ மாநிலத்திலிருந்து துரத்தவோ வேண்டும் என்பது அதன் சாரம். இவ்வாணை 1976-இல்தான் முறைப்படி திரும்பப் பெறப்பட்டது.

அடுத்து இலினாய் மாநிலத்தின் நாவூ நகரில் நிகழ்ந்தது ஊடக வரலாற்றில் தனிக் கவனத்திற்குரியது. சபையிலிருந்து பிரிந்தோர் தொடங்கிய ‘நாவூ எக்ஸ்பாசிட்டர்’ என்னும் செய்தித்தாள் 1844 சூன் 7 அன்று வெளிவந்தது. அது ஜோசப் ஸ்மித்தின் அரசியல் அதிகாரத்தையும் மறைவாக நிலவிய பலதார மணத்தையும் கண்டித்தது. நகரத் தலைவராகவும் இருந்த ஸ்மித்தின் ஆணைப்படி மூன்று நாட்களில் அதன் அச்சகம் அழிக்கப்பட்டது. ஓர் இதழுடன் அச்செய்தித்தாள் முடிந்தது. இச்செயல் சுற்றுப்புறத்தில் பெரும் கொந்தளிப்பை உண்டாக்கியது. அண்டை ஊரின் ‘வார்சா சிக்னல்’ இதழாசிரியர் தாமஸ் ஷார்ப் ஆயுத நடவடிக்கைக்கு வெளிப்படையாக அழைப்பு விடுத்தார். சூன் 27 அன்று கார்த்தேஜ் சிறையில் காவலில் இருந்த ஸ்மித்தும் அவருடைய தமையன் ஹைரமும் கும்பலொன்றால் சுட்டுக் கொல்லப்பட்டனர். கொலை வழக்கில் விசாரிக்கப்பட்டு 1845-இல் விடுவிக்கப்பட்ட ஐவருள் ஷார்ப்பும் ஒருவர்.

இந்நிகழ்வு இரு உண்மைகளை ஒருசேர உணர்த்துகிறது. மார்மன் தலைமை தனக்கு எதிரான இதழை ஒடுக்கியது. எக்ஸ்பாசிட்டர் எழுப்பிய குற்றச்சாட்டின் மையப் பகுதி ஆதாரமற்றதன்று. அதே வேளையில் மற்றோர் இதழின் தூண்டல் உயிர்க்கொலைக்குத் துணை நின்றது. மார்மன்களை ஊடகத்தால் பாதிக்கப்பட்ட அப்பாவிகளாக மட்டும் காட்டுவதும் வரலாற்றுக்கு முரணாகும் என்பதை ஆய்வாளர் மறத்தலாகாது.

3. ‘கிழக்கு’ ஆக்கப்பட்ட மேற்கு

ஸ்மித்தின் மறைவுக்குப் பின் பிரிகாம் யங் தலைமையில் மார்மன்கள் 1847-இல் இன்றைய யூட்டா பகுதிக்குப் பெயர்ந்தனர். பலதார மணம் அறிவிக்கப்பட்ட பின்னர் ஊடகச் சித்திரிப்பு புதிய திசையில் சென்றது. மார்மன்களுள் பெரும்பாலோர் நியூ இங்கிலாந்து, பிரித்தானிய, ஸ்காண்டிநேவிய வழியினர். ஆயினும் அவர்களைத் துருக்கியராகவும், அந்தப்புரத் தலைவராகவும், ஸ்மித்தை அமெரிக்க முகம்மதுவாகவும் இதழ்கள் உருவகித்தன. 1877-இல் பிரிகாம் யங் மறைந்தபோது ‘பக்’ இதழில் ஜோசப் கெப்லர் வரைந்த கேலிச்சித்திரம், நீண்ட ஒரே கட்டிலில் வரிசையாகப் படுத்து அழும் கைம்பெண்களைக் காட்டியது. தாமஸ் நாஸ்ட் தம் சித்திரமொன்றில் மார்மன் கூடத்தின் வளைந்த கூரையை ஆமையாக்கி, கத்தோலிக்க முதலையுடன் அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடத்தின் மீது ஊர்ந்து செல்வதாக வரைந்தார். மார்மன்கள் வெள்ளையர் என்னும் தகுதியையே இழந்தவர்களாகச் சித்திரிக்கப்பட்டனர் என்று பால் ரீவ் நிறுவுகிறார்.

இப்படிமம் நீதிமன்றத்தையும் எட்டியது. 1879-ஆம் ஆண்டின் ரெனால்ட்ஸ் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், சமய நம்பிக்கை பலதார மணக் குற்றத்திற்கு விலக்கு ஆகாது எனத் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பு பலதார மணத்தை ஏறத்தாழ ஆசிய, ஆப்பிரிக்க மக்களுக்கே உரிய வழக்கமாகக் குறிப்பிட்டது. சமயத்தின் பெயரால் எதையும் அனுமதிக்க இயலாது என்பதற்கு, கணவனின் சிதையில் மனைவி தீப்பாய்வதை எடுத்துக்காட்டாகக் கூறியது. யூட்டாவின் குடும்ப வழக்கு ஒன்றைத் தீர்ப்பதற்கு இந்தியாவைப் பற்றிய படிமம் துணைக்கு அழைக்கப்பட்டமை கருதத்தக்கது. எட்வர்ட் செய்த் 1978-இல் விளக்கிய கீழைத்தேயவியல் கீழைநாட்டாரைச் சுட்டுவதோடு அமையவில்லை. மேலைநாட்டிற்குள்ளேயே வேண்டாதவரை விலக்குவதற்கும் அது பயன்பட்டது என்பதற்கு இது சான்றாகிறது.

இந்தியாவுடன் நேரடித் தொடர்பும் இக்காலத்தில் ஏற்பட்டது. பலதார மணத்தை வெளிப்படையாக அறிவித்த அதே 1852 ஆகஸ்டு மாநாட்டில் இந்தியாவிற்கான ஊழியர்களும் நியமிக்கப்பட்டனர். அவர்களுள் ஒருவரான ரிச்சர்டு பாலன்டைன் 1853-இல் சென்னைக்கு வந்தார். இங்கு ஆங்கிலத்தில் ஒரு மாத இதழை வெளியிட்டதோடு, வேப்பேரியைச் சார்ந்த கிறித்தவ மறைகுரு ஒருவர் மார்மன் சமயத்தைக் கண்டித்து எழுதிய சிறுநூலுக்கு மறுப்பும் எழுதினார். ஊழியர் கால்பதித்த குறுகிய காலத்திற்குள்ளேயே மறுப்பு நூல் எழுத வேண்டிய நிலை உருவாயிற்று.

4. சிறைப்பட்ட பெண்ணின் கதை

19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மார்மன் எதிர்ப்புப் புதினம் ஒரு தனி வகையாகவே வளர்ந்தது. ஏமாற்றப்பட்டோ கடத்தப்பட்டோ பலதார மணத்திற்குள் தள்ளப்படும் பெண், அவளை மீட்கும் வீரன், துரத்தும் மார்மன் கூட்டம் என்பது அதன் பொதுக் கட்டமைப்பு. அமெரிக்கப் பழங்குடியினரால் சிறைப்பிடிக்கப்பட்டோர் பற்றிய பழைய கதைகளின் அமைப்பே இதற்கு மூலமாகும். 1887-இல் வெளிவந்த ஆர்தர் கோனன் டாயிலின் ‘எ ஸ்டடி இன் ஸ்கார்லெட்’ இவ்வகையின் மிகப் புகழ்பெற்ற வாரிசு. ஷெர்லாக் ஹோம்ஸ் அறிமுகமாகும் இப்புதினத்தின் இரண்டாம் பகுதி யூட்டாவில் நிகழ்கிறது. கட்டாய மணத்திற்கு ஆளாகி இறக்கும் லூசி பெரியரும், தப்ப முயல்வோரைக் கொல்லும் மறைக்குழுவும் அதில் இடம்பெறுகின்றனர். யூட்டாவைப் பார்க்காமலேயே டாயில் இதனை எழுதினார். 1923-இல் அவர் சால்ட் லேக் நகருக்குச் சென்றபோது, மார்மன்கள் தம் கூடத்திலேயே அவரைச் சொற்பொழிவாற்ற அனுமதித்து இன்முகத்துடன் வரவேற்றனர். உலகெங்கும் மொழிபெயர்க்கப்பட்ட ஹோம்ஸ் கதைகளின் வழியாகவே ‘மார்மன்’ என்னும் சொல்லை முதன்முதலில் எதிர்கொண்ட வாசகர் பலராவர்.

மௌனத் திரைப்படம் இக்கதையை அப்படியே ஏற்றது. 1911-இல் டென்மார்க்கில் உருவான ‘மார்மன்களின் பலியாள்’ என்னும் பொருள்படும் படமும், 1922-இல் பிரித்தானியாவில் உருவான ‘டிராப்டு பை தி மார்மன்ஸ்’ படமும் இளம்பெண்களை மயக்கி அழைத்துச் செல்லும் மார்மன் ஊழியரைக் காட்டின. இவற்றின் பின்னணியில் பிரித்தானியாவில் 1910, 1911-ஆம் ஆண்டுகளில் எழுந்த மார்மன் எதிர்ப்புக் கிளர்ச்சி உள்ளது. பெண்கள் யூட்டாவிற்குக் கடத்தப்படுகின்றனர் என்னும் குற்றச்சாட்டு, உள்துறை அமைச்சராயிருந்த வின்ஸ்டன் சர்ச்சிலின் விசாரணை வரை சென்றது. சபை அமெரிக்காவில் பலதார மணத்தை முடித்துக்கொண்ட பின்னரே இப்படங்கள் தோன்றின என்பது நினைவிற்கொள்ளத்தக்கது. பெண்கள் தனித்துப் பயணிப்பது, வேலைக்குச் செல்வது, குடிபெயர்வது ஆகியவை பற்றி அன்றைய பிரித்தானியச் சமூகம் கொண்டிருந்த அச்சம் மார்மன் உருவில் வெளிப்பட்டது.

இக்கதைகளில் மார்மன் பெண் தன் குரலில் பேசுவது அரிது. வரலாற்றில் நிலைமை வேறாக இருந்தது. யூட்டா பெண்கள் 1870-இலேயே வாக்குரிமை பெற்றனர். 1872 முதல் 1914 வரை ‘உமன்ஸ் எக்ஸ்பொனன்ட்’ என்னும் இதழை மார்மன் பெண்களே நடத்தினர். நெடுங்காலம் அதன் ஆசிரியராக விளங்கிய எம்மலின் வெல்ஸ் பெண் வாக்குரிமைக்காக எழுதியவர். பலதார மணத்தை ஆதரித்தவரும் அவரே. மறுபுறம், பிரிகாம் யங்கின் மனைவியருள் ஒருவராயிருந்து பிரிந்த ஆன் எலைசா யங், அவ்வாழ்வின் துயரை 1875-இல் தன்வரலாறாக எழுதினார். இருவர் குரலும் மெய்யானவை. ஆனால் பெண்களை மீட்பதாகக் கூறி 1887-இல் இயற்றப்பட்ட எட்மண்ட்ஸ்–டக்கர் சட்டம், சபையின் சட்டத் தகுதியைக் கலைத்ததோடு யூட்டா பெண்கள் அனைவரின் வாக்குரிமையையும் பறித்தது. 1896-இல் யூட்டா மாநிலமானபோதே அவ்வுரிமை மீண்டது. பேசாத பெண்ணாகவே கண்டு பழகிய சமூகத்திற்கு, அவளுடைய வாக்கை நீக்குவதில் முரண்பாடு தோன்றவில்லை.

5. நற்படிமத்தின் மறுபக்கம்

20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் படிமம் தலைகீழாக மாறியது. 1929-இல் தொடங்கிய பாடகர் குழுவின் வாராந்திர வானொலி நிகழ்ச்சி நாடெங்கும் ஒலித்தது. பெருமந்தக் காலத்தில், 1936-இல் சபை தொடங்கிய நலத்திட்டத்தை இதழ்கள் பாராட்டின. 1940-இல் டுவென்டியத் செஞ்சுரி பாக்ஸ் நிறுவனம் ‘பிரிகாம் யங்’ படத்தில் அவரை முன்னோடித் தலைவராகக் காட்டியது. 1970-களில் டானி, மரி ஆஸ்மண்ட் தொலைக்காட்சி நிகழ்ச்சி மார்மன் குடும்பத்தை அமெரிக்கக் குடும்பத்தின் இலக்கணமாக்கியது. 1968 தேர்தலுக்கு முன்னர் குடியரசுக் கட்சியின் வேட்பாளராக முயன்ற ஜார்ஜ் ராம்னியின் சமயம் பெரிய விவாதப் பொருளாகவில்லை. 40 ஆண்டுகளுக்குப் பின் அவருடைய மகன் மிட் ராம்னிக்கு அதுவே பெருந்தடையாயிற்று. இம்முரணே ஹாஸ் ஆய்வின் தொடக்கப் புள்ளி. மார்மன் மனிதர் மீதான நன்மதிப்பும் மார்மன் நிறுவனம் மீதான ஐயமும் ஒருங்கே வளரக்கூடும் என அவர் விளக்குகிறார்.

நற்படிமமும் வார்ப்பே. சபையில் கறுப்பின ஆண்களுக்கு 1978 சூன் வரை குருத்துவப் பட்டம் மறுக்கப்பட்டது. புன்னகைக்கும் குடும்பம் என்னும் சித்திரம் இத்தடையை நெடுங்காலம் பார்வைக்கு அப்பால் வைத்திருந்தது. 1969-இல் சபையின் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்திற்கு எதிரான கால்பந்தாட்டத்தில் கருப்புப் பட்டை அணிய விரும்பிய வயோமிங் பல்கலைக்கழகத்தின் 14 கறுப்பின வீரர்கள் அணியிலிருந்து நீக்கப்பட்டனர். இத்தகைய நிகழ்வுகளுக்குப் பின்னரே இத்தடை பரவலாக விவாதிக்கப்பட்டது. ஒரு சமயத்தாரைக் குறையற்றவராகக் காட்டும் ஊடகம், அச்சமயத்திற்குள் ஒதுக்கப்பட்டவரை மறைத்துவிடுகிறது.

6. டெக்சாஸ், 2008

படிமமும் உண்மையும் சிக்கிக்கொள்ளும் விதத்தை அறிய, 2008 ஏப்ரலில் டெக்சாஸ் மாநிலத்தின் எல்டொராடோ அருகில் நிகழ்ந்த சோதனை பொருத்தமான நிகழ்வாகும். வாரன் ஜெப்ஸ் தலைமையிலான அடிப்படைவாதப் பிரிவின் பண்ணைக்குள் அரசு அலுவலர் நுழைந்தனர். சிறுமியொருத்தி துன்புறுத்தப்படுவதாக வந்த தொலைபேசி அழைப்பே இதற்குத் தூண்டுதல். அவ்வழைப்பு போலியானது எனப் பின்னர்க் கருதப்பட்டது. 400-க்கும் மேற்பட்ட குழந்தைகள் தாயரிடமிருந்து பிரிக்கப்பட்டனர். நீண்ட அங்கியும் உயர்த்திச் சீவிய கூந்தலும் கொண்ட பெண்களின் படங்கள் வாரக்கணக்கில் தொலைக்காட்சிகளில் காட்டப்பட்டன. அவற்றைக் கண்டோர் பலர் அவர்களை முதன்மைச் சபையினராகவே எண்ணினர். சபை, இரண்டையும் வேறுபடுத்துமாறு ஊடகங்களை வேண்டி அறிக்கை வெளியிட்டது.

2008 மே மாதத்தில் டெக்சாஸ் உச்ச நீதிமன்றம், அனைத்துக் குழந்தைகளையும் ஒட்டுமொத்தமாக அகற்றியதற்குப் போதிய சான்று இல்லை என்னும் கீழ்மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் முடிவை உறுதிசெய்தது. குழந்தைகள் திரும்பினர். ஆனால் வரலாறு அங்கு முடியவில்லை. சோதனையில் கிடைத்த ஆவணங்களின் துணையுடன் அப்பண்ணையைச் சார்ந்த ஆண்கள் பலர் தண்டிக்கப்பட்டனர். சிறுமியரை வன்கொடுமைக்கு உள்ளாக்கிய குற்றத்திற்காக 2011-இல் ஜெப்ஸுக்கு ஆயுள் தண்டனையும் கூடுதலாக 20 ஆண்டுகளும் விதிக்கப்பட்டன.

இந்நிகழ்வில் குழுவை ஒரே உருவாகக் கண்ட பார்வை இருமுறை தவறியது. பச்சிளங் குழந்தையையும் பருவமெய்திய சிறுமியையும் ஒரே ஆபத்தில் உள்ளவராகக் கருதியபோது தாயருக்கும் குழந்தைகளுக்கும் தீங்கு நேர்ந்தது. பின்னர், பிரிக்கப்பட்ட தாயரின் கண்ணீரை முன்னிறுத்தி அக்குழுவை முழுவதும் பாதிக்கப்பட்டோராகக் காட்டிய செய்திகளில், உண்மையில் வன்கொடுமைக்கு ஆளான சிறுமியர் மறைந்துபோயினர். குற்றத்தை நிறுவியவை ஆள்தோறும் திரட்டப்பட்ட சான்றுகளே.

7. நகைச்சுவை, நாடகம், இணையத்திரை

21-ஆம் நூற்றாண்டில் மார்மன்கள் பொழுதுபோக்கு ஊடகத்தின் விருப்பப் பொருளாயினர். 2006 முதல் 2011 வரை ஒளிபரப்பான ‘பிக் லவ்’ தொடர் பலதார மணக் குடும்பத்தை நுட்பமாகச் சித்திரித்தது. 2009-இல் உறுப்பினர் வெளியிடாது காக்கும் ஆலயச் சடங்கை நடித்துக் காட்டியமை சபையினரைப் புண்படுத்தியது. 2011-இல் பிராட்வேயில் அரங்கேறி ஒன்பது டோனி விருதுகளைப் பெற்ற ‘தி புக் ஆஃப் மார்மன்’ இசை நாடகம், உகாண்டாவிற்குச் செல்லும் இளம் ஊழியர்களை நகைச்சுவையுடன் காட்டியது. சபை எதிர்ப்புக் காட்டாது, நாடகத்தின் நிகழ்ச்சிக் கையேடுகளிலேயே மறைநூலுக்கு விளம்பரம் செய்தது. இவ்வணுகுமுறையைப் பலர் பாராட்டினர். ஆயினும் அந்நாடகத்தில் வெள்ளை ஊழியர் வெகுளியாயினும் வளர்ச்சிபெறும் பாத்திரமாக அமைய, ஆப்பிரிக்கர் பின்னணியாகவே நின்றனர். கறுப்பின நடிகர் எழுப்பிய கவலைகளுக்குப் பின் 2021-இல் பிரதி திருத்தப்பட்டது. ஆப்பிரிக்காவில் இலட்சக்கணக்கான மார்மன்கள் வாழும் நிலையில், மார்மன் எனில் வெண்ணிற இளைஞன் என்னும் வார்ப்பும் அந்நாடகத்தால் வலுவுற்றது.

2022-இல் வெளியான ‘அண்டர் தி பேனர் ஆஃப் ஹெவன்’ தொடர் 1984-இல் யூட்டாவில் நிகழ்ந்த இரட்டைக் கொலையை மார்மன் வரலாற்றுடன் இணைத்தது. 2025 சனவரியில் வெளியான ‘அமெரிக்கன் பிரைமீவல்’ 1857-இன் மவுன்டன் மெடோஸ் படுகொலையை மையமாக்கியது. ஏறத்தாழ 120 பயணியரை மார்மன் குடிப்படையினர் பழங்குடியினர் சிலருடன் சேர்ந்து கொன்றது மறுக்கவியலாத வரலாறு. 2007-இல் சபையே வருத்தம் தெரிவித்துள்ளது. ஆகவே அதைக் காட்டுவது வார்ப்பாகாது. ஒரு கொலையின் காரணத்தை இன்றைய உறுப்பினர் அனைவரின் நம்பிக்கைக்குள்ளும் உறங்கும் இயல்பாகக் காட்டும்போதே வார்ப்பு தொடங்குகிறது.

8. விமர்சனத்தைப் பிரித்தறிதல்

மேற்கண்டவற்றிலிருந்து மூன்று வினாக்களை வகுக்கலாம். செயலைச் செய்தவர் யார் என்பது முதல் வினா: தலைவரா, நிறுவனமா, பிரிந்த குழுவா, அன்றி உறுப்பினர் என்பதாலேயே அனைவருமா? எந்தக் காலத்தின் செயல் என்பது இரண்டாம் வினா. அச்சமயத்தாரின், குறிப்பாக அதற்குள் பாதிக்கப்பட்டோரின் குரல் சான்றாக இடம்பெறுகிறதா என்பது மூன்றாம் வினா.

‘சால்ட் லேக் டிரிபியூன்’ இதழின் செய்திகள் இவ்வினாக்களுக்குத் தக்க விடை தருகின்றன. பாலியல் வன்கொடுமை பற்றி முறையிட்ட மாணவியரையே பிரிகாம் யங் பல்கலைக்கழகம் தன் ஒழுக்க விதிகளின்கீழ் விசாரித்ததை அவ்விதழ் வெளிக்கொணர்ந்தது. பல்கலைக்கழகம் முறையிடுவோருக்கு விலக்களிக்கும் விதியைக் கொண்டுவந்தது. இதழ் 2017-இல் புலிட்சர் பரிசு பெற்றது. செயலுக்குப் பொறுப்பான நிறுவனம் பெயர் சுட்டப்பட்டது, காலம் நிகழ்காலம், பேசியவர் அப்பல்கலைக்கழகத்தின் மாணவியரே. அதேபோல, முதலீட்டு விவரங்களை வெளிப்படுத்திய முறைக்காகச் சபையும் அதன் முதலீட்டு அமைப்பும் 2023-இல் 50 இலட்சம் டாலர் செலுத்த உடன்பட்டதைக் குறித்த செய்திகளும் நிறுவனத்தின் பொறுப்பைப் பற்றியவை. இவற்றைச் சமயப் பகை எனத் தள்ளிவிடுதல் பொருந்தாது. மாறாக டாயிலின் புதினமும் 1922-இன் திரைப்படமும் மூன்று வினாக்களுக்கும் விடை தர இயலாதவை.

முடிவுரை

மார்மன் படிமத்தின் வரலாறு இழிவிலிருந்து மதிப்பை நோக்கி நேர்கோட்டில் முன்னேறிய வரலாறாக அமையவில்லை. மண வாழ்க்கை, இனத்தூய்மை, பெண்ணின் தன்னுரிமை, குடும்பப் பெருமை, தேர்தல் அரசியல் என ஒவ்வொரு காலத்திலும் பெரும்பான்மைச் சமூகம் கொண்டிருந்த கவலைகளும் விருப்பங்களும் அப்படிமத்தை வடித்தன. 1890-இல் கைவிடத் தொடங்கிய வழக்கம் இன்றும் அச்சமயத்தின் முதல் அடையாளமாகத் தொடர்வதற்கு இதுவே காரணமாகும். அதே வேளையில் அச்சபையும் தன் அச்சகம், வானொலி, விளம்பரம் ஆகியவற்றால் படிமத்தை உருவாக்கியுள்ளது. தன் குறைகளை மறைத்தும் உள்ளது.

எனவே சிறுபான்மைச் சமயம் பற்றிய ஊடக ஆய்வு, சித்திரிப்பு நட்பானதா பகையானதா என அளப்பதோடு நிற்றல் போதாது. எவருடைய செயல் எவர்மீது சுமத்தப்படுகிறது, எவருடைய குரல் விடுபடுகிறது என வினவ வேண்டும். டெக்சாஸில் தாயரிடமிருந்து பிரிக்கப்பட்ட குழந்தைகளுக்கும், அதே பண்ணையில் வன்கொடுமைக்கு ஆளான சிறுமியருக்கும் நீதி கிடைப்பதற்கு அவ்வினாக்களே அடிப்படையாயின. சமயச் சிறுபான்மையினர் குறித்த தமிழ் இதழியல், திரை ஆய்வுகளிலும் இவ்வினாக்களைப் பொருத்திப் பார்ப்பது பயன்தரும்.